பி.சி.ஓ.எஸ். ஏன் வருகிறது? சினைப்பைக்கு வெளியே இருக்கும் காரணங்கள்

மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. முகத்தில் பருவும் மோவாயில் முடியும் கூடுகின்றன. ஸ்கேன் எடுத்தால் 'இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள்' என்று அறிக்கை வருகிறது. அன்றிலிருந்து வீட்டிலும் உறவிலும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பிராய்லர் கோழி, பரோட்டா, கைப்பேசி, இரவுக் கண்விழிப்பு, உட்கார்ந்தே செய்யும் வேலை, தள்ளிப்போட்ட கல்யாணம் என்று பட்டியல் நீள்கிறது. சுற்றி வளைத்து எல்லாரும் சொல்ல வருவது, அவள் எதையோ தவறாகச் செய்துவிட்டாள் என்பதைத்தான்.

பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) எனப்படும் இந்தப் பிரச்சினைக்கு ஒற்றைக் காரணம் எதையும் ஆராய்ச்சியாளர்கள் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. அதற்காகக் 'காரணம் தெரியாத நோய்' என்று ஒரு வரியில் கைகழுவிவிடவும் முடியாது. சினைப்பை, மூளை, கணையம், கல்லீரல், தசை, கொழுப்பு ஆகியவற்றில் நடக்கும் மாற்றங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு ஒரு வட்டமாகச் சுழல்கின்றன என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த வட்டம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் பெண்ணுக்குப் பெண் மாறுகிறது.

## ஸ்கேனில் தெரிபவை கட்டிகள்தானா?

சினைப்பைக்குள் ஒவ்வொரு கருமுட்டையும் ஒரு சின்னஞ்சிறு பைக்குள் இருக்கிறது. அதை இங்கே நுண்பை என்று அழைப்போம். மாதந்தோறும் சில நுண்பைகள் சேர்ந்து வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு சுமார் 20 மில்லிமீட்டர் வரை பெருத்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கி மறையும். முட்டை வெளியேறிய இடத்தில் மிஞ்சும் திசு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கரு தங்கவில்லை என்றால் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அந்தச் சுரப்பு நின்று, கருப்பையின் உட்படலம் உதிர்ந்து, மாதவிடாய் வரும்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் இந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. நிறைய நுண்பைகள் ஒரே சமயத்தில் வளரத் தொடங்குகின்றன. ஆனால் எதுவும் முந்துவதில்லை. 2 மில்லிமீட்டர் முதல் 9 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு கேழ்வரகு மணி அளவிலிருந்து பட்டாணி அளவு வரை, அப்படி அப்படியே தேங்கி நிற்கின்றன. சினைப்பையின் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் இவற்றைத்தான் ஸ்கேன் அறிக்கை நீர்க்கட்டிகள் என்கிறது. உள்ளே இருப்பது முட்டையும் அதைச் சுற்றிய திரவமும். எனவே 'கட்டியைக் கரைக்கும்' கஷாயம், 'கட்டியை உடைக்கும்' மாத்திரை என்று விற்கப்படுபவற்றுக்கு இங்கே வேலையே இல்லை. அவை கரைக்க வேண்டிய பொருள் எதுவும் அங்கே கிடையாது.

1935ஆம் ஆண்டு சிகாகோவைச் சேர்ந்த ஐர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள், சினைப்பை பெருத்து மாதவிடாய் நின்றுபோன 7 பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தபோது அவர்கள் எல்லாருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். கோளாறு சினைப்பையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. பல பத்தாண்டுகள் அந்த எண்ணம் அசையவில்லை. ஹார்மோன்களைத் துல்லியமாக அளக்கும் முறைகள் வந்த பிறகே மற்ற உறுப்புகளின் பங்கு வெளிச்சத்துக்கு வந்தது.

## எதைப் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள்?

காரணத்தைத் தேடும் முன் எதற்குக் காரணம் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். இன்று உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படுவது 2003இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட வரையறை. பின்வரும் மூன்றில் ஏதேனும் இரண்டு இருக்க வேண்டும்.

1. முட்டை வெளியேறுவது அரிதாகவோ இல்லாமலோ போய், மாதவிடாய் ஒழுங்கு தவறுதல்.
2. ஆண் ஹார்மோன் எனப்படும் ஆண்ட்ரோஜன் மிகுதி. இது ரத்தப் பரிசோதனையில் தெரியலாம். மோவாய், மேலுதடு, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி, தீராத பரு போன்றவற்றாலும் தெரியலாம்.
3. ஸ்கேனில் மேலே சொன்ன தோற்றம்.

இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். தைராய்டு குறைபாடு, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகுதி, அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறைபாடு, கார்டிசால் ஹார்மோன் மிகுவதால் வரும் குஷிங் நோய், ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் ஸ்கேனை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. அது தவறு.

மூன்றில் இரண்டு என்பதால், இந்த ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட பெண்கள் அடங்குகிறார்கள். முகத்தில் முடியே இல்லாத ஒருவரும், மாதவிடாய் தவறாமல் வரும் ஒருவரும் ஒரே நோய்ப் பெயரைப் பெறலாம். இந்தியாவில் பல மாநிலங்களில் 18 முதல் 40 வயது வரையிலான பெண்களிடம் நடத்தி 2024இல் வெளியான பெரிய ஆய்வு, 1990ஆம் ஆண்டின் அமெரிக்க வரையறைப்படி 7.2 சதவீதம் பேருக்கும் ராட்டர்டாம் வரையறைப்படி 19.6 சதவீதம் பேருக்கும் பி.சி.ஓ.எஸ். இருப்பதாகச் சொன்னது. பெண்கள் அதே பெண்கள்தான். அளவுகோல் மாறியதும் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. 'ஐந்தில் ஒருவருக்கு' என்று வரும் செய்தித் தலைப்புகளை இந்த விவரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு 10 முதல் 13 சதவீதம்.

பதின்வயதுப் பெண்களின் நிலை தனி. பூப்படைந்த முதல் ஆண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலும் நிறைய நுண்பைகள் தெரியும். அதனால்தான் 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பதின்வயதினருக்கு ஸ்கேனை வைத்து நோயை முடிவு செய்யக்கூடாது என்கிறது. முதல் இரண்டு அம்சங்களும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணின் ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய எதிர்காலத்தை நினைத்துக் கலங்கும் பெற்றோர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

## மூளையிலிருந்து வரும் வேகமான கட்டளை

சினைப்பை தானாக இயங்குவதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விட்டுவிட்டுச் சமிக்ஞை அனுப்புகிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரு ஹார்மோன்களைச் சுரக்கிறது. நுண்பையின் வெளிச்சுவர்ச் செல்கள் எல்.ஹெச். சொல்படி ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கும். உட்சுவர்ச் செல்கள் எஃப்.எஸ்.ஹெச். சொல்படி அந்த ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எல்லாப் பெண்களின் உடலிலும் ஆண்ட்ரோஜன் உண்டு. ஈஸ்ட்ரோஜனுக்கான மூலப்பொருளே அதுதான்.

பி.சி.ஓ.எஸ். உள்ள பலரிடம் மூளையின் சமிக்ஞை வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கிறது. வேகம் கூடினால் எல்.ஹெச். அதிகமாகவும் எஃப்.எஸ்.ஹெச். ஒப்பீட்டளவில் குறைவாகவும் சுரக்கும். விளைவு, ஆண்ட்ரோஜன் குவிகிறது; நுண்பையை முழு வளர்ச்சிக்குக் கொண்டுசெல்லும் உந்துதல் போதாமல் போகிறது. முட்டை வெளியேறாததால் புரோஜெஸ்டிரோனும் சுரப்பதில்லை. சமிக்ஞையின் வேகத்தைத் தணிப்பது அந்தப் புரோஜெஸ்டிரோன்தான். அது இல்லாததால் வேகம் அப்படியே நீடிக்கிறது. போதாக்குறைக்கு, மிகுதியான ஆண்ட்ரோஜன் புரோஜெஸ்டிரோனின் சொல்லை மூளை கேட்காதபடி செய்துவிடுகிறது.

ஆனால் சினைப்பையைக் குற்றமற்றது என்றும் விட்டுவிட முடியாது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் வெளிச்சுவர்ச் செல்களைத் தனியே எடுத்து, உடலின் ஹார்மோன்கள் எதுவும் எட்டாத ஆய்வகக் கண்ணாடித் தட்டில் பல தலைமுறைகள் வளர்த்துப் பார்த்தார்கள். அங்கும் அவை மற்றச் செல்களைவிட அதிக ஆண்ட்ரோஜனைத் தயாரித்தன. அந்த இயல்பு செல்லுக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

## இன்சுலின்: வட்டத்தின் மையத்தில் இருப்பது

பி.சி.ஓ.எஸ். பற்றிய புரிதலைத் தலைகீழாக மாற்றியது இன்சுலின்தான். கணையம் சுரக்கும் இந்த ஹார்மோன், ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அனுப்புகிறது. சிலரிடம் தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. இதையே இன்சுலின் எதிர்ப்புநிலை என்கிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை பல ஆண்டுகள் சரியாகவே காட்டும். உள்ளே இன்சுலின் அளவு ஏறிக்கொண்டிருக்கும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி போல் தடித்துப் படரும் கருமை அதன் வெளி அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். எந்தச் சோப்புக்கும் அது போகாது, ஏனென்றால் தோல் செல்களை இன்சுலின் தூண்டுவதால் வருவது அது.

தசை இன்சுலினுக்குக் கட்டுப்படாதபோதும் சினைப்பை கட்டுப்படுகிறது. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அதன் பிறகு நடப்பதை இப்படி வரிசைப்படுத்தலாம்.

1. மிகுதியான இன்சுலின், எல்.ஹெச்.சோடு கைகோத்து, சினைப்பையின் வெளிச்சுவர்ச் செல்களை அதிக ஆண்ட்ரோஜன் தயாரிக்கத் தூண்டுகிறது.
2. கல்லீரல் தயாரிக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறைகிறது; பிடிப்பின்றி ரத்தத்தில் உலவும் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது.
3. கூடிய ஆண்ட்ரோஜன் நுண்பைகளை நடுவழியில் நிறுத்துகிறது. முடி, பரு ஆகியவற்றைத் தூண்டுகிறது. கொழுப்பை வயிற்றுப் பகுதியில் சேர்க்கிறது.
4. வயிற்றுக் கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை மேலும் வளர்க்கிறது. மீண்டும் முதல் படி.

இது வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பெண்களின் உடல் இன்சுலினைத் தயாரிப்பதில்லை. அவர்கள் தோலுக்கடியில் ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். அந்த இன்சுலின் கல்லீரலைத் தாண்டி நேராக உடல் முழுவதும் பரவுகிறது. அவர்களிடம் பி.சி.ஓ.எஸ். மற்றவர்களைவிட அதிகம். இன்சுலினை ஏற்கும் செல்லின் வாயில் (ரிசெப்டர்) பிறவியிலேயே பழுதான அரிய நோயாளிகளிடம் இன்சுலின் அளவு மிக உயர்ந்து, ஆண்ட்ரோஜனும் அதோடு ஏறுகிறது. 1990களில் நடந்த ஆய்வுகளில் மருந்து கொடுத்து இன்சுலினைக் குறைத்தபோது ஆண்ட்ரோஜனும் கூடவே இறங்கியது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைச் சர்க்கரை நோயே இல்லாத பெண்ணுக்கு மருத்துவர் எழுதித் தருவது இதனால்தான்.

மெலிந்த பெண்களுக்கு ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் இங்கே பாதி விடை உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரியா டுனைஃப் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் அதே எடையுள்ள மற்றப் பெண்களைவிட இன்சுலின் எதிர்ப்பு அதிகம் என்று காட்டியது. உடல் பருமன் இல்லாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. மறுபாதி விடை, எல்லாருக்கும் இன்சுலின்தான் தொடக்கம் என்பதில்லை. எல்.ஹெச். உயர்ந்து, எடையும் இன்சுலினும் இயல்பாக இருக்கும் ஒரு கூட்டமும், எடையும் இன்சுலினும் கூடிய இன்னொரு கூட்டமும் பி.சி.ஓ.எஸ்.ஸுக்குள் தனித்தனியே இருப்பதாக அண்மை ஆய்வுகள் பிரித்துக் காட்டுகின்றன. இவ்விரு கூட்டத்தாரின் மரபணுக் கூறுகளிலும் வேறுபாடு தெரிகிறது. ஒரே பெயரில் இரண்டு மூன்று நோய்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறோம் என்ற ஐயம் வலுப்படுவது நியாயமே.

## பரம்பரை எவ்வளவு?

நெதர்லாந்தில் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வின்படி, ஒருவருக்கு பி.சி.ஓ.எஸ். வருமா வராதா என்பதில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் மரபு சார்ந்தது. அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அம்மாவின் காலத்தில் இதற்குப் பெயர் சூட்டப்படாமல் போயிருக்கலாம். 'எனக்கும் அந்த வயசில் மூணு மாசத்துக்கு ஒருமுறைதான்' என்று அவர் சொன்னால் அது மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல்.

ஆனால் இதற்கென்று ஒரு தனி மரபணு கிடையாது. 2011இல் சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வு மூன்று மரபணு இடங்களைச் சுட்டியது. அவற்றில் ஒன்று எல்.ஹெச். ஹார்மோனை ஏற்கும் வாயிலின் மரபணு. இன்னொன்று சினைப்பைச் செல்களின் ஆண்ட்ரோஜன் தயாரிப்போடு தொடர்புடையது. 2018இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளை ஆராய்ந்து 14 இடங்களைக் கண்டார்கள். இவ்வளவையும் சேர்த்தால் மரபின் பங்கில் ஒரு சிறு பகுதிதான் விளக்கம் பெறுகிறது. ஒவ்வொன்றின் விளைவும் சிறியது. பல சிறிய சாய்வுகள் ஒரே ஆளிடம் ஒன்றுகூடும்போதுதான் தராசு சாய்கிறது.

இவை ஆண்களிடமும் வேலை செய்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் தந்தை, சகோதரர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாகக் காணப்படுகிறது. ஆண்களின் வழுக்கைக்கும் பி.சி.ஓ.எஸ்.ஸுக்கும் மரபணுத் தொடர்பு இருப்பதை 2018 ஆய்வும் சொல்கிறது. சினைப்பையே இல்லாதவர்களிடமும் இதே மரபு வெளிப்படுகிறது என்றால், இதைப் பெண்ணுறுப்பின் நோய் என்று மட்டும் பார்ப்பது போதாது. அப்பா வழியில் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்காத விசாரணை அரைகுறை விசாரணைதான்.

## கருவில் இருக்கும்போதே

ஒரு பெண்ணின் நுண்பைகள் எல்லாம் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் எந்தச் சூழலில் அவை உருவாயின என்பது பின்னாளில் பேசுமா? விலங்குகளிடம் பேசியது. சினையாக இருந்த ஆடுகளுக்கும் ரீசஸ் குரங்குகளுக்கும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகளுக்கு வளர்ந்த பின் முட்டை வெளியேறுவதில் ஒழுங்கின்மை, எல்.ஹெச். மிகுதி, இன்சுலின் கோளாறு எல்லாம் வந்தன.

பிரான்ஸின் லீல் நகரைச் சேர்ந்த குழு 2018இல் இன்னொரு கண்ணியைக் காட்டியது. சிறிய நுண்பைகள் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. நுண்பைகள் அதிகம் என்பதால் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் அது அதிகம். கருவுற்றிருக்கும்போதும் அவர்களிடம் அது உயர்ந்தே இருப்பதை அந்தக் குழு கண்டது. அதைச் சினை எலிகளுக்கு ஊசியாகப் போட்டபோது பெண் குட்டிகளுக்கு பி.சி.ஓ.எஸ். போன்ற நிலை வந்தது. மூளையின் வேகச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது வளர்ந்த எலிகள் சரியாயின. ஸ்வீடனின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிய 2019 ஆய்வு, பி.சி.ஓ.எஸ். உள்ள தாய்மார்களின் மகள்களுக்கு அது கண்டறியப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்றது.

எலிக்கும் மனிதருக்கும் இடையில் தூரம் அதிகம். மனித நஞ்சுக்கொடி தாயின் ஆண்ட்ரோஜனைப் பெருமளவு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அதைத் தாண்டிக் குழந்தையை எது, எவ்வளவு எட்டுகிறது என்பது தெளிவாகவில்லை. எனவே 'அம்மாவால் வந்தது' என்று பழியைக் கைமாற்றுவதற்கு இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. மகளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தாயைக் குற்றம் சொல்லத் தொடங்குவது முன்னேற்றம் ஆகாது.

## எடையின் பங்கு

எடை இந்த வட்டத்தை முடுக்கிவிடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. பருமனைக் கூட்டும் மரபணுக் கூறுகள் பி.சி.ஓ.எஸ். வாய்ப்பையும் கூட்டுகின்றன என்பதால், எடை ஒரு காரணி என்பதற்கான சான்று வலுவானது. எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. ஆனால் பருமனாக இருக்கும் பெரும்பாலான பெண்களுக்கு பி.சி.ஓ.எஸ். இல்லை, பி.சி.ஓ.எஸ். உள்ள எல்லாரும் பருமனாக இல்லை. மரபு தயார்செய்து வைத்த உடலில்தான் எடை இந்த விளைவை உண்டாக்குகிறது.

தெற்காசியர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் அதே எடையில் நம்மிடம் கொழுப்பு அதிகம், தசை குறைவு; கொழுப்பும் வயிற்றுக்குள் சேர்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். புனேயில் சி.எஸ். யாஜ்னிக் தலைமையிலான குழு, அங்கு பிறக்கும் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டது. சராசரி எடை புனேயில் 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்த புனே குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. இது பி.சி.ஓ.எஸ்.ஸைப் பற்றிய நேரடிச் சான்று இல்லை. ஆனாலும், கண்ணுக்கு ஒல்லியாகத் தெரியும் நம் பெண்களிடம் இன்சுலின் எதிர்ப்பு ஏன் இவ்வளவு சகஜம் என்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. 'நீ ஒல்லிதானே, உனக்கு வராது' என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு இழைக்கப்படுவது அநீதி.

## கோழி, பிளாஸ்டிக், மன அழுத்தம்

பொதுவாகச் சொல்லப்படும் மற்றக் காரணங்களுக்கு வருவோம்.

1. பிராய்லர் கோழி. பல்லடத்திலும் கோவையிலும் வளரும் கோழிகளுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண்களுக்கு இந்த நோய் என்பது தமிழ்நாட்டில் வேரோடிப்போன நம்பிக்கை. ஆறு வாரத்தில் கோழி இரண்டு கிலோ ஆவது பல தலைமுறை இனத்தேர்வாலும் தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம்; தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றில் செரித்துவிடும். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. பிராய்லர் தொழில் இந்தியாவுக்கு வரும் முன்பே சிகாகோவில் இந்த நோய் விவரிக்கப்பட்டுவிட்டது. கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு உண்மையான கவலைதான். அது வேறு பிரச்சினை. எண்ணெயில் பொரித்த கோழியை அடிக்கடி உண்டு எடை கூடினால், அந்த வழியில் பாதிப்பு வரும்.

2. பிளாஸ்டிக் வேதிப்பொருட்கள். பி.பி.ஏ. என்ற பொருள் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களின் ரத்தத்தில் அதிகம் என்று ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் ஆண்ட்ரோஜன் மிகுதியால் அது உடலிலிருந்து வெளியேறுவது தாமதமாகலாம். எது முதலில் என்பது முடிவாகவில்லை.

3. குடல் நுண்ணுயிர்கள். 2019இல் சீன ஆய்வாளர்கள் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்கு மாற்றியபோது எலிகளின் சினைப்பையும் இன்சுலினும் பாதிக்கப்பட்டன. ஆர்வமூட்டும் தொடக்கம். இதை வைத்துக் கடையில் விற்கும் புரோபயாடிக் டப்பாக்களை நம்பிப் பணத்தைக் கொட்டும் கட்டம் இன்னும் வரவில்லை.

4. மன அழுத்தம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். கடும் மன அழுத்தம் மாதவிடாயை நிறுத்தலாம், ஆனால் அது வேறு வழியில், மூளையின் சமிக்ஞையை மெதுவாக்குவதன் மூலம். பி.சி.ஓ.எஸ்.ஸில் சமிக்ஞை வேகமாகிறது. 'டென்ஷனால் வந்தது' என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

5. வால்புரோயேட். எல்லாரும் பேசும் காரணங்களுக்கு நடுவே யாரும் பேசாத உண்மையான காரணி இது. வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் தரப்படும் இந்த மருந்து சினைப்பை மாற்றத்தையும் ஆண்ட்ரோஜன் மிகுதியையும் உண்டாக்கக்கூடும் என்று 1993இல் பின்லாந்து மருத்துவர்கள் காட்டினார்கள். 20 வயதுக்கு முன் மருந்தைத் தொடங்கியவர்களிடம் பாதிப்பு அதிகம். கருவில் உள்ள குழந்தைக்கும் இது ஆபத்தானது. தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றிக் கேட்பதுதான் வழி.

கல்யாணத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. தள்ளிப்போட்டதால் பி.சி.ஓ.எஸ். வருவதும் இல்லை, செய்துகொண்டால் போவதும் இல்லை. வயது முப்பதுகளின் பிற்பகுதியைத் தாண்டும்போது பலருக்கு மாதவிடாய் தானாகச் சீராகிறது. நுண்பைகளின் எண்ணிக்கை இயல்பாகக் குறைவதே அதற்குக் காரணம்.

## காரணம் தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?

முட்டை வெளியேறாத மாதங்களில் கருப்பையின் உட்படலம் ஈஸ்ட்ரோஜனால் மட்டும் தூண்டப்பட்டுத் தடித்துக்கொண்டே போகிறது. புரோஜெஸ்டிரோன் வந்து அதை அடக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படியே நீடித்தால் உட்படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். எனவே 90 நாட்களுக்கு மேல் மாதவிடாய் வராமல் இருந்தால், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை வரவழைக்கும் மாதவிடாய் உட்படலத்தைக் காக்கிறது. அந்த வகையில் அது அவசியமான சிகிச்சை. ஆனால் இன்சுலின் பக்கத்தை அது தொடுவதில்லை. மாதம் தவறாமல் வருகிறது, இனிக் கவலை இல்லை என்று மற்றப் பரிசோதனைகளை விட்டுவிடுவதால்தான், பத்து ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை நோயோடு வந்து நிற்கிறார்கள்.

எந்த இடத்தில் வட்டம் தொடங்கியது என்பதைப் பொறுத்து சிகிச்சையின் முன்னுரிமை மாறும். கழுத்தில் கருமை, வயிற்றில் கொழுப்பு, தந்தைக்குச் சர்க்கரை நோய் என்று இருப்பவருக்கு உணவும் உடற்பயிற்சியும், தேவையானால் மெட்ஃபார்மினும் முதலில் வரும். மெலிந்த உடல், உயர்ந்த எல்.ஹெச்., சீரான இன்சுலின் என்று இருப்பவரைப் பட்டினி போடச் சொல்வதில் பயனே இல்லை. முட்டை வெளியேறத் தூண்டும் சிகிச்சையே அவருக்குக் கைகொடுக்கும். வால்புரோயேட் எடுப்பவருக்கு நரம்பியல் மருத்துவரோடும் பேச வேண்டும்.

பி.சி.ஓ.எஸ். என்று சொல்லப்பட்டவர்கள், எடை எதுவானாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனையில் தப்பிவிடும் கோளாறு இதில் பிடிபடும். அதை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும் என்கிறது 2023 வழிகாட்டுதல். ரத்த அழுத்தமும் கொழுப்பும் அதோடு சேரும். கருவுறும் திட்டம் இருந்தால் முதல் பரிசோதனையிலேயே சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.